மலை வீட்டு மீன்தொட்டியில் நத்தை: விடுவதா, பிடிப்பதா, மருந்து போடுவதா?

"புதுச் செடி வாங்கிப் போட்டேன். கொஞ்ச நாளில் கண்ணாடி முழுக்கக் குட்டி நத்தை. நான் ஒரு நத்தைகூட வாங்கவில்லையே, என்ன செய்யட்டும்?" ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் என்று ஊர் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்தோ கோயம்புத்தூரிலிருந்தோ பையில் கட்டி வரும் செடி, இலைக்கு அடியில் நத்தை முட்டையையும் சேர்த்தே மலையேற்றிவிடுகிறது. கொடைக்கானல்காரர்களுக்கு மதுரை, திண்டுக்கல் சரக்கு, அவ்வளவுதான் வித்தியாசம்.

கேட்பவர்கள் எல்லோரும் ஏற்கெனவே யூடியூபில் நாலைந்து வீடியோ பார்த்திருப்பார்கள். ஒன்று லோச் மீன் வாங்கச் சொல்லும், ஒன்று மருந்து ஊற்றச் சொல்லும், இன்னொன்று நத்தை நல்லதுதான், விட்டுவிடுங்கள் என்று சொல்லும். எதைக் கேட்பது என்று தெரியாமல் நிற்கிறார்கள்.

அந்த ஆலோசனைகள் தப்பு என்று சொல்லமாட்டேன். ஆனால் அவை கீழே, மின்விசிறி சுற்றும் அறையில், 28 டிகிரித் தண்ணீரைப் பார்த்துச் சொன்னவை. ஊட்டியில் உறைபனி விழும் ஜனவரிக் காலையில் ஹீட்டர் இல்லாத தொட்டிக்குள் கையை விட்டால் விரல் மரத்துப்போகும். தண்ணீரின் குணமும் வேறு. சமவெளிக்குச் சரியாக இருக்கும் வழி இங்கே பாதி வேலை செய்யும், சில சமயம் மீனையே கொல்லும். அதனால் வழக்கமாகச் சொல்லப்படும் ஐந்து வழிகளையும் மலைக் கணக்கில் எடை போட்டுப் பார்ப்போம்.

## எதைப் பார்த்து முடிவெடுப்பது

முதலில் வெப்பம். நீலகிரி முழுக்க ஒரே குளிர் இல்லை. கூடலூர் சுமார் 1,000 மீட்டர் உயரம், குன்னூர் 1,850 அளவில், ஊட்டி 2,240. பழனி மலையிலும் அப்படித்தான்: தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காபி விளைகிற இதமான ஊர்கள், கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல். கூடலூரில் இருப்பவர் சமவெளி ஆலோசனையைக் கொஞ்சம் திருத்திப் பயன்படுத்தலாம், ஊட்டிக்காரரால் முடியாது. தொட்டியில் ஒரு தெர்மாமீட்டர் ஒட்டி, விடியற்காலையிலும் மதியத்திலும் என்ன காட்டுகிறது என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். அந்த எண் தெரியாமல் எதையும் வாங்க வேண்டாம்.

அடுத்து தண்ணீர். இரண்டு மலைகளும் சார்னோகைட் பாறையால் ஆனவை. அதில் கரைந்து வர சுண்ணாம்பு அதிகம் இல்லை. ஊற்றுத் தண்ணீரும் மழைத் தண்ணீரும் மென்மையாகவே வரும். வெந்நீர்ப் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியாது, சோப்பு போட்டால் நுரை போகவே போகாது. நத்தையின் ஓடு கால்சியம் கார்பனேட். மென்தண்ணீரில் அது சரியாக உருவாகாது, நுனியில் வெள்ளைக் குழிகள் விழும். இது நமக்குச் சாதகம். ஆனால் இதே மென்தண்ணீர்தான் மருந்து போடும்போது எதிரியாக மாறும். அதைப் பிறகு சொல்கிறேன்.

மூன்றாவது, தொட்டியில் யார் குடியிருக்கிறார்கள் என்பது. கோல்டு ஃபிஷ் தொட்டி, கப்பித் தொட்டி, இறால் தொட்டி, செடித் தொட்டி, நாலுக்கும் நாலு பதில்.

நான்காவது, செலவு. கடையில் கொடுக்கும் காசைவிட, பிறகு மாதா மாதம் போவதுதான் பெரிசு.

கடைசியாக, நத்தை திரும்ப வருமா என்பது. இதை யாரும் கேட்பதில்லை. எல்லோரும் "எவ்வளவு சீக்கிரம் போகும்" என்றுதான் கேட்கிறார்கள்.

## வந்திருப்பது யார்?

நத்தையை அடையாளம் காணாமல் வழி தேர்ந்தெடுக்க முடியாது. நம் தொட்டிகளில் அழையாமல் வருவது பெரும்பாலும் மூன்று வகை.

பிளாடர் நத்தை: பட்டாணியைவிடச் சிறிசு, மெல்லிய பழுப்பு ஓடு, மேலே மங்கலான மஞ்சள் புள்ளிகள். ஓட்டின் நுனியை மேலே பிடித்து வாயை உங்கள் பக்கம் திருப்பினால், வாய் இடப்பக்கம் இருக்கும். நத்தைக் கணக்கில் இது வேகமாகவே ஓடும். தண்ணீரின் மேல்பரப்பில் தலைகீழாக ஒட்டிக்கொண்டு மிதந்து போவதும் இதுதான். வட அமெரிக்காவிலிருந்து உலகம் முழுக்கப் பரவிய இனம், குளிரை நன்றாகத் தாங்கும். ஒவ்வொன்றும் ஆண், பெண் இரண்டுமாக இருப்பதால் ஒற்றை நத்தை வந்தாலே போதும். வழவழப்பான ஜெல்லிக்குள் முட்டையிட்டு இலையிலும் கண்ணாடியிலும் ஒட்டிவைக்கும்.

ராம்ஸ்ஹார்ன்: தட்டையாகச் சுருண்ட ஓடு, பழுப்பு அல்லது சிவப்பு. இதுவும் ஜெல்லி முட்டைதான்.

ட்ரம்பெட்: நீண்ட கூம்பு ஓடு. பகலில் மணலுக்குள் புதைந்து கிடந்து, விளக்கணைத்த பிறகு வெளியே வரும். முட்டை இடாது, குட்டி போடும். துணை இல்லாமலே பெருகும். ஓட்டின் வாயை மூடிக்கொள்ள ஒரு மூடி உண்டு, அதனால் எதற்கும் சுலபமாகச் சாகாது. ஆனால் வெப்ப நாட்டுப் பிறவி. ஹீட்டர் இல்லாத ஊட்டித் தொட்டியில் மந்தமாகிவிடும்.

வயலிலோ குளத்திலோ பிடித்த பெரிய நத்தையாக இருந்தால் கதையே வேறு. அது செடியை நிஜமாகவே தின்னும், வெளியிலிருந்து ஒட்டுண்ணியும் கொண்டுவரலாம். அதற்கு ஒப்பீடே வேண்டாம், எடுத்துவிடுங்கள்.

மற்ற மூன்றும் செடியைத் தின்கின்றனவா? நல்ல இலையைப் பெரும்பாலும் தொடாது. அழுகும் இலை, பாசி, மீன் விட்ட தீனி, இவைதான் சாப்பாடு. "இலையில் ஓட்டை விழுகிறது, நத்தைதான் காரணம்" என்று சொல்கிறவர்கள் பலருடைய தொட்டியில் உண்மைக் காரணம் மென்தண்ணீரில் பொட்டாசியம் போன்ற சத்து போதாமல் இருப்பது. ஓட்டை விழுந்து அழுகும் இடத்தை மேய நத்தை வருகிறது, பழி அதன்மேல் விழுகிறது.

நிஜமான தொல்லை என்றால், குட்டிகள் ஃபில்டர் மோட்டாருக்குள் போய்ச் சிக்கிக்கொள்வது. உறிஞ்சும் வாயில் ஒரு பஞ்சைச் செருகினால் அதுவும் தீர்ந்தது. மற்றபடி மிஞ்சுவது பார்வைக்கு அருவருப்பு. அதைக் குறைத்துச் சொல்லவில்லை. கூடத்தில் வைத்த தொட்டி, வருகிறவர்கள் முகம் சுளித்தால் நமக்கும் சங்கடம்தான்.

## வழி 1: தீனியைக் குறைத்துவிட்டு, இருக்கட்டும் என்று விடுவது

நத்தை எண்ணிக்கை எப்போதும் மிச்சத் தீனியின் எண்ணிக்கைதான். நூறு நத்தை இருக்கிறது என்றால் நூறு நத்தைக்குச் சாப்பாடு கிடைக்கிறது என்று அர்த்தம். வழக்கமாக எல்லோரும் சொல்வதுதான் இது. ஆனால் மலையில் இதற்கு ஒரு கூடுதல் காரணம் இருக்கிறது.

மீனுக்கு உடம்புச் சூடு தண்ணீரின் சூடுதான். தண்ணீர் 17, 18 டிகிரிக்கு இறங்கினால் செரிமானம் மெதுவாகும், பசி குறையும். நாமோ டப்பாவில் எழுதியிருக்கிறபடி காலையும் மாலையும் இரண்டு சிட்டிகை போடுகிறோம். அந்த அளவு வெப்பமான ஊர் மீனுக்கு எழுதியது. மீன் பாதியைத் தின்று மீதியைத் துப்புகிறது. துப்பியது கூழாங்கல் இடுக்கில் போகிறது. பிளாடர் நத்தைக்கு அந்தக் குளிர் ஒரு பொருட்டே இல்லை. ஆக, நீங்கள் வளர்ப்பது மீன் என்று நினைத்துக்கொண்டு நத்தையை வளர்க்கிறீர்கள்.

ஹீட்டர் இல்லாத தொட்டி என்றால் குளிர்காலத்தில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் தீனி போதும். வளர்ந்த மீன் ஒரு நாள் பட்டினி கிடந்தால் ஒன்றும் ஆகாது. போட்ட தீனி ஓரிரு நிமிடத்தில் காலியாக வேண்டும், அதுதான் அளவு. கூடவே மஞ்சள் இலையைக் கிள்ளிவிடுங்கள், தண்ணீர் மாற்றும்போது அடிக்கசடை உறிஞ்சி எடுங்கள், விளக்கு எரியும் நேரத்தைக் குறைத்துப் பாசியைக் குறையுங்கள். கால்சியம் சேர்க்கிறேன் என்று கடல் நுரையோ (கணவாய் ஓடு) முட்டை ஓடோ போட்டு வைத்திருந்தால் எடுத்துவிடலாம், வேறு யாருக்கும் அது தேவைப்படாவிட்டால்.

செலவு ஒன்றும் இல்லை. சொல்லப்போனால் தீனிக் காசு மிச்சம். மறைவான விலை பொறுமை. ஏற்கெனவே இருக்கும் நத்தைகள் ஒரே நாளில் செத்துப்போவதில்லை, புதுக் குட்டிகள் குறைந்து குறைந்து சில மாதங்களில்தான் வித்தியாசம் தெரியும். வீட்டில் குழந்தைகளோ தாத்தா பாட்டியோ "மீன் பாவம்" என்று ரகசியமாகத் தீனி போடுகிற வீடு என்றால் இந்த வழி பலிக்காது. தீனி டப்பாவை ஒளித்து வைக்க வேண்டியிருக்கும்.

யாருக்கு இது சரி: செடித் தொட்டி, இறால் தொட்டி, கப்பிக் குஞ்சு வளர்க்கும் தொட்டி, நத்தையைப் பார்த்தால் அருவருப்பு இல்லாதவர்கள். இறால் இருந்தால் இதைத் தவிர வேறு வழியை நான் சொல்லவே மாட்டேன்.

## வழி 2: கையால் பிடிப்பதும் பொறி வைப்பதும்

வழி 1 பலிக்கும்வரை காத்திருக்க முடியாதவர்களுக்கு இது. தனியாகச் செய்தால் வீண் வேலை, தீனிக் குறைப்போடு சேர்த்துச் செய்தால் நன்றாகப் பலன் தரும்.

பொறி என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. மேரக்காயை (சௌசௌ) விரல் பருமனில் நறுக்கி, கொதிக்கும் தண்ணீரில் இரண்டு நிமிடம் போட்டு எடுத்து, ஆறவைத்து, ஒரு ஃபோர்க்கில் குத்தித் தொட்டிக்குள் படுக்கப் போடுங்கள். முட்டைக்கோஸ் தண்டும் ஆகும், வெள்ளரியும் ஆகும். விளக்கணைத்த பிறகு போட வேண்டும். இரவில் டார்ச் அடித்துப் பார்த்தால், காய்மேல் நத்தைகள் மொய்த்து, கண்ணாடிப் பக்கம் இருப்பவற்றின் வாய் திறந்து மூடிச் சுரண்டுவது தெரியும். விடியும் முன் ஃபோர்க்கோடு மெதுவாகத் தூக்கி ஒரு வாளியில் தட்டிவிட வேண்டும். காயை மதியம்வரை விட்டால் அது அழுகி, நீங்களே நத்தைக்கு விருந்து வைத்ததாக ஆகும். ட்ரம்பெட் நத்தையை எண்ணிக்கையில் பிடிக்க இந்த இரவுப் பொறிதான் வழி.

வீடியோக்களில் தண்ணீர் பாட்டிலை வெட்டிச் செருகிப் பொறி செய்வார்கள். நீலகிரியில் அந்தப் பாட்டிலையே மலையேற்ற விடுவதில்லை, சோதனைச் சாவடியில் பிடுங்கிவிடுவார்கள். ஒரு பழைய ஜாம் பாட்டிலைச் சாய்த்துப் போட்டு உள்ளே காயை வைத்தாலும் அதே வேலையைச் செய்யும்.

இந்த வழியின் மறைவான ஆபத்து காயில் இருக்கிறது. மலைக்காய்கறிக்கு மருந்து அடிப்பது நமக்குத் தெரியாத விஷயம் இல்லை. முட்டைக்கோஸ் மடிப்புக்குள் தங்கியிருக்கும் பூச்சிமருந்து மிகக் கொஞ்சம் என்றாலும், இறாலுக்கு அது போதும். தோட்டத்தில் நீங்களே மருந்தில்லாமல் வளர்த்த மேரக்காய் என்றால் கவலையில்லை. சந்தையில் வாங்கியது என்றால் தோல் சீவி, நன்றாகக் கழுவி, வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டுக் காயை மட்டும் போடுங்கள்.

கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஜெல்லி முட்டையைப் பழைய ஏடிஎம் கார்டால் சுரண்டி, வெளியே எடுத்துவிடுங்கள். தண்ணீருக்குள் விழவிட்டால் அங்கேயே பொரிக்கும். சிலர் நத்தையைக் கண்ணாடியிலேயே நசுக்கி மீனுக்குப் போடுவார்கள். மீன் ஆவலாகத் தின்னும். ஓரிரண்டு என்றால் சரி, ஒரே நேரத்தில் நிறைய நசுக்கினால் தண்ணீர் கெடும்.

யாருக்கு இது சரி: சிறிய தொட்டி வைத்திருக்கும் கிட்டத்தட்ட எல்லோருக்கும். நான்கு அடித் தொட்டியில் மணல் ஆழமாக, கற்களும் மரவேரும் அடுக்கி வைத்திருந்தால் கை வலிப்பதுதான் மிச்சம்.

## வழி 3: நத்தை தின்னும் ஜீவனை வாங்கி விடுவது

எல்லோருக்கும் பிடித்த வழி. கடைக்காரருக்கும்தான்.

அசாசின் நத்தை, யோயோ லோச், க்ளவுன் லோச், பீ பஃபர் ஆகியவைதான் வழக்கமாகச் சொல்லப்படுபவை. நாலும் வேலை செய்யும். ஆனால் நாலுக்கும் வெதுவெதுப்பான தண்ணீர் வேண்டும், 23, 24 டிகிரிக்குக் குறையக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹீட்டர் இல்லாத ஊட்டி, கொடைக்கானல் தொட்டியில் விட்டால் மூலையில் சுருண்டு கிடக்கும், லோச்சுக்கு வெள்ளைப்புள்ளி நோய் சீக்கிரம் பிடிக்கும். இரை பிழைக்கும், வேட்டைக்காரன் சாவான்.

சரி, ஹீட்டர் போடுகிறேன் என்றால் கணக்குப் பாருங்கள். 60 லிட்டர் தொட்டிக்கு 100 வாட் ஹீட்டர். குளிர்காலத்தில் நாளில் பாதி நேரம் எரிகிறது என்று வைத்தால் தினம் 1.2 யூனிட், இரண்டு மாதத்துக்கு 72 யூனிட். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் யூனிட்டே கொஞ்சம்தான். அதில் ஒரு பெரும் பங்கை நத்தை தின்னும் மீனுக்கு எழுதிவைப்பதற்குச் சமம். அறை இன்னும் குளிராக இருந்தால் ஹீட்டர் பாதி நேரம் அல்ல, முக்கால்வாசி நேரம் எரியும். அப்புறம் மழைக்காலத்தில் மரம் விழுந்து கம்பி அறுந்தால் ராத்திரி முழுக்கக் கரண்ட் இருக்காது. தொட்டி சூடு இறங்குவதைக் கம்பளி சுற்றித் தள்ளிப்போடலாம், நிறுத்த முடியாது.

இன்னொரு பக்கமும் உண்டு. ஹீட்டர் போட்டதும் நத்தையும் சுறுசுறுப்பாகி ஆண்டு முழுக்கப் பெருகும். ட்ரம்பெட் நத்தைக்கு அது கொண்டாட்டம்.

ஏற்கெனவே ஹீட்டர் ஓடும் தொட்டி என்றால் இந்த வழியைத் தாராளமாக யோசிக்கலாம். அப்போது எதைத் தேர்வது? அசாசின் நத்தை அமைதியானது, மீனைத் தொந்தரவு செய்யாது, மெதுவாகப் பெருகும். ஜெல்லி முட்டைகளை அவ்வளவாகத் தொடாது என்பதால் எண்ணிக்கையைக் குறைக்குமே தவிர துடைத்தெடுக்காது. நம் மென்தண்ணீர் அதன் ஓட்டையும் அரிக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். அதற்காகக் கால்சியம் சேர்த்தால் பிளாடர் நத்தைக்கும் ஓடு கெட்டியாகும்.

யோயோ லோச் கூட்டமாக வாழ்கிற மீன், ஒற்றையாக வாங்கினால் ஒளிந்தே கிடக்கும். க்ளவுன் லோச்சைக் கடையில் சுண்டுவிரல் அளவில் காட்டுவார்கள். ஆரஞ்சில் கறுப்புப் பட்டையோடு பார்க்கப் பிரமாதமாக இருக்கும். அது ஒரு அடி வளரும். கொஞ்சம் நத்தையைத் தீர்க்க ஆறடித் தொட்டி வாங்குவதா?

பீ பஃபர் நம் பக்கத்து மீன், கேரள ஆறுகளில் வாழ்வது. கட்டை விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு, நத்தையை ரசித்துத் தின்னும். ஆனால் கப்பி, ஃபைட்டர் ஆகியவற்றின் வாலைக் கடித்துக் குதறும், தனித் தொட்டி வேண்டும். காட்டு ஆறுகளிலிருந்து பிடித்து விற்றே எண்ணிக்கை குறைந்து, உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயுசிஎன் அதை அழிய வாய்ப்புள்ள இனமாகப் பட்டியலிட்டிருக்கிறது. நத்தைக்காக மட்டும் அதை வாங்குவது எனக்கு உடன்பாடில்லை.

குளிர்த் தொட்டிக்கு ஒரே உள்ளூர்த் தீர்வு கோல்டு ஃபிஷ். மலையில் ஹீட்டர் இல்லாமல் அது நன்றாக வாழும். சிறிய நத்தையையும் முட்டையையும் மென்று தின்றுவிடும். கோல்டு ஃபிஷ் தொட்டிக்காரர்கள் நத்தைப் புகார் சொல்வது குறைவு என்பதைக் கவனித்திருக்கலாம். ஆனால் செடியைப் பிடுங்கிப் போடும், கழிவும் அதிகம். கப்பித் தொட்டிக்குள் நத்தைக்காக ஒரு கோல்டு ஃபிஷ்ஷை இறக்காதீர்கள். கப்பிக் குஞ்சும் அதன் வாய்க்குள் போகும்.

## வழி 4: மருந்து

இங்கேதான் மலை, சமவெளியிலிருந்து ரொம்ப விலகிப்போகிறது.

நத்தை மருந்து என்று விற்பவற்றில் பலவற்றின் சரக்கு தாமிரம். எஸ்டேட் பக்கம் வீட்டில் அது ஏற்கெனவே இருக்கும்: தேயிலைக் கொப்புள நோய்க்கு அடிக்கும் காப்பர் ஆக்சிகுளோரைடு, போர்டோ கலவைக்கு வாங்கிய மயில்துத்தம். "ஒரு துளி போட்டால் என்ன?" என்ற யோசனை வராமல் இருக்காது.

போடாதீர்கள். தண்ணீரில் சுண்ணாம்பும் காரத்தன்மையும் இருந்தால் அவை தாமிரத்தின் கடுமையைப் பெருமளவு மட்டுப்படுத்தும். மென்தண்ணீரில் அந்தத் தடுப்பு இல்லை. அதே அளவு மருந்து, கடினத் தண்ணீரில் நத்தையைக் கொல்லும், நம் தண்ணீரில் மீனின் செவுளையும் சேர்த்துப் பதம் பார்க்கும். டப்பாவில் எழுதிய அளவு எந்தத் தண்ணீருக்கு எழுதியது என்று நமக்குத் தெரியாது. இறால் என்றால் பேச்சே வேண்டாம், ஒன்றும் மிஞ்சாது. தாமிரம் கூழாங்கல்லிலும் அடிமண்ணிலும் ஒட்டிக்கொண்டு தங்கும் என்பதால், பின்னாளில் அதே தொட்டியில் இறால் வளர்க்க ஆசைப்பட்டாலும் சிக்கல்தான்.

மருந்து நன்றாக வேலை செய்தாலும் பிரச்சினை தீராது. மணலுக்குள் நூற்றுக்கணக்கில் ட்ரம்பெட் நத்தை ஒரே ராத்திரியில் செத்தால், அழுகி அமோனியா ஏறும். அமோனியாவைச் சமாளிக்கும் பாக்டீரியா குளிரில் மெதுவாகத்தான் வேலை செய்யும். தினமும் தண்ணீர் மாற்ற வேண்டும், அதுவும் மேல்தொட்டியிலிருந்து வரும் ஐஸ் தண்ணீரை அப்படியே ஊற்ற முடியாது.

நாய்க்குக் கொடுக்கும் ஃபென்பெண்டசோல் என்ற புழு மருந்தையும் சிலர் போடுகிறார்கள். மீன் பொதுவாகத் தாங்கும். ஆனால் சில நத்தையைக் கொல்லும், சிலதைத் தொடாது. பிறகு நீங்கள் ஆசைப்பட்டு வாங்கிவிடும் நெரைட் நத்தைக்கு அதன் மிச்சமே எமனாகலாம். உப்பு போடுவது இன்னொரு யோசனை: நத்தை சாகும் அளவுக்குப் போட்டால் செடியும் சாகும்.

மருந்து சரியாக இருக்கும் இடம் ஒன்று இருக்கிறது. அது தொட்டி அல்ல, செடி நனைக்கும் வாளி. கீழே வருகிறது.

## வழி 5: எல்லாவற்றையும் கொட்டி, புதிதாக ஆரம்பிப்பது

கோபத்தில் பலர் எடுக்கும் முடிவு. வெளியிலிருந்து பார்த்தால் சுத்தமான தீர்வாகத் தெரியும்.

சிக்கல் ஃபில்டர் பஞ்சில் இருக்கிறது. பஞ்சை வைத்துக்கொண்டால் உள்ளே கடுகளவு குட்டிகள் இருக்கும், ஒரு மாதத்தில் பழைய கதை. பஞ்சை வீசினால் தொட்டியை உயிரோடு வைத்திருந்த பாக்டீரியாவும் போய்விடும். வெதுவெதுப்பான தண்ணீரில் அது மறுபடி உருவாகவே நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். ஹீட்டர் இல்லாத தொட்டியில் இரண்டு மாதம் தாண்டினாலும் ஆச்சரியமில்லை. அதுவரை மீன் எங்கே இருக்கும்?

கூழாங்கல்லை வெயிலில் காயவைத்தால் போதும் என்பார்கள். ஜூன், ஜூலையில் ஊட்டியில் வெயிலுக்கு எங்கே போவது? துணியே காயாது. வாய் மூடிக்கொள்ளும் ட்ரம்பெட் நத்தை ஈரக் கல்லுக்குள் நன்றாகப் பிழைத்திருக்கும். கொதிக்கும் தண்ணீரை ஊற்றி, சில நிமிடம் விட்டு, அலசி, மறுபடி ஊற்றுவதுதான் நம்பகமானது. கண்ணாடித் தொட்டிக்குள் அல்ல, தனிப் பாத்திரத்தில்.

அப்படியும், அடுத்த செடியோடு முட்டை வந்தால் எல்லாம் முதலிலிருந்து.

இந்த வழி பொருந்துவது ஏதாவது காரணத்துக்காகத் தொட்டியை எப்படியும் கலைக்கப் போகிறவர்களுக்கு. இடமாற்றம் வந்து குவார்ட்டர்ஸ் மாறும் வாத்தியார், எஸ்டேட் ஊழியர் என்றால் அந்தச் சாக்கிலேயே செய்துகொள்ளலாம். தொட்டி கசிந்து மாற்றுகிறீர்கள் என்றாலும் சரி.

## ஒரே பார்வையில்

| வழி | குளிர்த் தொட்டியில் | மென்தண்ணீரில் | தெரியாத செலவு | திரும்ப வருமா |
|---|---|---|---|---|
| தீனிக் குறைப்பு | நன்றாகப் பலிக்கும் | சாதகம் | பொறுமை | குறைந்தே இருக்கும் |
| கை, பொறி | பலிக்கும் | பாதிப்பில்லை | தினசரி வேலை, காயில் மருந்து | தீனி குறையாவிட்டால் வரும் |
| லோச், அசாசின், பஃபர் | ஹீட்டர் இல்லாமல் கூடாது | அசாசின் ஓடு அரிக்கும் | கரண்ட் பில், பெரிய தொட்டி | வேட்டைக்காரன் இருக்கும்வரை குறையும் |
| கோல்டு ஃபிஷ் | நன்றாக வாழும் | பாதிப்பில்லை | செடி போகும், கழிவு கூடும் | பெரும்பாலும் வராது |
| தாமிர மருந்து | அமோனியா ஆபத்து | மீனுக்கே ஆபத்து | இறால், அடிமண் | வரும் |
| கலைத்துப் புதிதாக | இரண்டு மாதம் தாண்டலாம் | பாதிப்பில்லை | பாக்டீரியா இழப்பு | அடுத்த செடியோடு வரலாம் |

ஊட்டி, கொடைக்கானல், கோத்தகிரி என்று ஹீட்டர் இல்லாத தொட்டி வைத்திருக்கிற யார் கேட்டாலும் நான் முதல் இரண்டு வழிகளைச் சேர்த்துத்தான் சொல்கிறேன். கூடலூர், பந்தலூர், தாண்டிக்குடி ஆட்களும் ஹீட்டர் போட்டவர்களும் இரண்டு மாதம் அதைச் செய்துவிட்டு, போதவில்லை என்றால் அசாசின் நத்தை வாங்கலாம். ஏப்ரல், மே மாதத்தில் தண்ணீர் சூடாகி நத்தை திடீரென்று பெருகும். அந்த நேரத்தில் பதறி மருந்துக் கடைக்குப் போக வேண்டாம். பொறியை அடிக்கடி போட்டால் போதும்.

## அடுத்த செடி வாங்கும்போது

கண்ணுக்குத் தெரியும் நத்தையைக் கழுவிவிடலாம். ஜெல்லி முட்டைதான் ஏமாற்றும்: இலையின் அடிப்பக்கம், சிறு நகத்தளவு, நிறமே இல்லாமல் ஒட்டியிருக்கும். செடியை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, ஈரமான விரலால் இலையைத் தடவிப் பாருங்கள். வழவழவென்று ஒரு மேடு தட்டுப்பட்டால் அந்த இலையைக் கிள்ளி எறியுங்கள்.

பிறகு படிகாரம். லிட்டருக்கு இரண்டு டீஸ்பூன் படிகாரத் தூள் கரைத்த வாளியில் ஒரு நாள் ஊறவைத்து, நல்ல தண்ணீரில் நன்றாக அலசுங்கள். நத்தை சாகும், முட்டைக்கு முழு உத்தரவாதம் இல்லை. படிகாரம் மென்தண்ணீரைப் புளிப்பாக்கிவிடும் என்பதால் மெல்லிய இலைச் செடிகள் கொஞ்சம் வாடும். அனுபியாஸ் போல் தடித்த இலைச் செடிக்கு ப்ளீச் நனைப்பு வேகமானது: ஒரு பங்கு ப்ளீச்சுக்கு 19 பங்கு தண்ணீர், இரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம், உடனே அலசி ஆன்டி குளோரின் கலந்த தண்ணீரில் போட்டுவிட வேண்டும். பாசிச் செடியை ப்ளீச்சில் காட்டாதீர்கள், கரைந்தே போகும்.

அதற்கப்புறம் தனி வாளியில் வைத்துக் கண்காணிப்பது. சமவெளியில் இரண்டு வாரம் போதும் என்பார்கள். குளிரில் முட்டை பொரிக்க அதிக நாள் எடுக்கும், அதனால் இங்கே குறைந்தது ஒரு மாதம். வாளியைச் சமையலறை ஓரத்தில், கொஞ்சம் சூடு இருக்கும் இடத்தில் வைத்தால் சீக்கிரம் பொரித்து முகத்தைக் காட்டிவிடும். இதற்கெல்லாம் பொறுமை இல்லையென்றால் டிஷ்யூ கல்ச்சர் செடி வாங்குங்கள். விலை கூடுதல், ஜெல்லில் வளர்ந்தது, நத்தைக்கு வழியே இல்லை. ஓடையில் பிடுங்கிய செடி மட்டும் வேண்டவே வேண்டாம், நத்தையோடு அட்டையும் தும்பிக் குஞ்சும் வரும். தும்பிக் குஞ்சு மீன் குஞ்சைப் பிடித்துத் தின்னும்.

## பிடித்த நத்தையை எங்கே போடுவது

ஏரியிலும் ஓடையிலும் கூடாது. "பாவம், உயிரோடு விட்டேன்" என்று சொல்லிக் கொட்டுகிறவர்கள் உண்டு. வெளியிலிருந்து வந்த வாட்டில் மரம், ஆகாயத்தாமரை, ட்ரவுட் மீன் என்று இந்த மலைத் தண்ணீருக்கும் காட்டுக்கும் ஏற்கெனவே போதுமான விருந்தாளிகள் இருக்கிறார்கள். பிளாடர் நத்தை குளிரிலும் பிழைக்கும் என்பதால் ஊட்டிக் குளிரே அதைப் பார்த்துக்கொள்ளும் என்று நம்ப முடியாது.

ஒரு டப்பாவில் போட்டு, மூடி, ஃப்ரீசரில் ஒரு நாள் வைத்துவிட்டு உரக்குழியில் புதையுங்கள். பீ பஃபர் வளர்க்கும் நண்பர் யாராவது இருந்தால் அவருக்குக் கொடுங்கள், சந்தோஷமாக வாங்கிக்கொள்வார். பஞ்சு பிழிந்த அழுக்குத் தண்ணீரிலும் கத்தரித்த செடித் தண்டிலும் குட்டியும் முட்டையும் இருக்கும். தண்ணீரை வாசல் ரோஜாவுக்கு ஊற்றுங்கள், தண்டை நன்றாகக் காயவைத்துக் குப்பையில் போடுங்கள். ஓடைக்குப் போகும் சாக்கடையில் மட்டும் எதையும் கொட்ட வேண்டாம்.